கைகள் தெரியாத குளோசப்: மெகா தொடர்களின் ஆண்மையும் பெண்மையும்

நம் கூட்டங்களில் சினிமாவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசலாம், யாரும் எழுந்து போக மாட்டார்கள். மெகா தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சிரிப்பு வரும். 'அது பொம்பளைங்க பாக்குறது' என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அறிவுஜீவித் தோழர்களின் இந்த இளக்காரமே ஒரு ஆண் பார்வைதான் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல், நம் பத்திரிகையும் துண்டறிக்கையும் எட்டாத வீடுகளுக்குள் தினமும் எட்டுகிற பிரதி அது.

எப்படி எட்டியது என்பதும் முக்கியம். பஞ்சாயத்து டி.வி. காலத்தில் பெட்டி ஊர்த்தெருவில் இருந்தது. நம்ம சனங்க அங்கே போய், எட்ட நின்னு, காட்டின இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வெளிச்சத்துக்காக எத்தனை பேச்சு வாங்கினோம் என்று அம்மா இன்னைக்கும் சொல்லும். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான பெட்டிகள் கொடுக்கப்பட்டன. அப்படித்தான் காலனி வீட்டுக்குள் பெட்டி வந்துச்சு. பெட்டிக்குள் ஊர்த்தெருப் பெரிய வீட்டின் நடுக்கூடம் வந்துச்சு. எந்த வீட்டின் தோட்டத்து வாசலைத் தாண்டி அம்மா உள்ளே போனதில்லையோ, அந்த மாதிரி வீட்டின் ஹாலை அரை மணிக்கு ஒருதரம் பார்க்கிறோம். பார்க்க மட்டும்தான்.

தொடர்கள் மீதான வழக்கமான விமர்சனம் கதையைப் பற்றியது. மாமியார் கொடுமை, அழுகை, இரண்டாம் தாரம், சதி. கதையை வைத்துப் பேசினால் தயாரிப்பாளர்களிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: எங்கள் தொடரில் பெண் போராடுகிறாளே, ஜெயிக்கிறாளே என்பார்கள். அது பொய்யும் இல்லை. 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியதிலிருந்து மெகா தொடரின் மையம் பெண்தான். 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடிய 'கோலங்கள்' தொடரின் அபி கட்டுமானக் கம்பெனி நடத்துகிறவள். ஆகவே கதையை விட்டுவிட்டு, காட்டும் முறையைப் பார்க்கலாம் என்கிறேன். கேமரா எங்கே நிற்கிறது, யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இசை யாருக்காக அடிக்கிறது, யாருக்கு ஷாட்டே கிடையாது. கதை மாறிக்கொண்டே இருக்கிறது. இது மாறவில்லை.

குளோசப்பிலிருந்து தொடங்குவோம். தொடரில் ஏன் இத்தனை முகங்கள்? முதல் காரணம் காசு. சென்னைப் புறநகரில் வாடகைக்கு எடுத்த ஷூட்டிங் பங்களா, கையில் இருக்கிற சில விளக்குகள், நாளுக்கு ஒரு எபிசோடு அளவுக்காவது எடுத்துத் தீர்க்க வேண்டிய அவசரம். முகத்தை மட்டும் காட்டினால் சுவரை அலங்கரிக்க வேண்டாம், தெருவை வாடகைக்கு எடுக்க வேண்டாம், கூட்டத்தைக் கூட்ட வேண்டாம். அரை மணியில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிரப்ப வேண்டும். முகம் நேரத்தை நிரப்பும். 14 அங்குலத் திரையில் முகம்தான் தெளிவாகவும் தெரியும். சிக்கனத்துக்காக வந்த உத்தி ஒரு பண்பாடாக ஆகிவிட்டது.

இந்த வடிவம் அமெரிக்காவில் 1930களில் வானொலியில் பிறந்தது. சோப்புக் கம்பெனிகள் வீட்டுப் பெண்களுக்குச் சோப்பு விற்பதற்காகக் காசு போட்டதால் 'சோப் ஓபரா' என்று பேர். தானியா மோட்லஸ்கி என்கிற பெண்ணிய விமர்சகர் 1982இல் இதைப் பற்றி எழுதினார். தொடரின் குளோசப்புகள் பெண்களுக்கு முகத்தைப் படிக்கப் பயிற்சி கொடுக்கின்றன என்பது அவர் கருத்து. வீட்டில் யாருக்கு என்ன தேவை, யார் மனசில் என்ன இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே தெரிந்துகொள்வது மனைவியின், தாயின் வேலையாக இருப்பதால் அந்தப் பயிற்சி.

இதைப் படித்தபோது எனக்கு ஆண்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். முகத்தைப் படிப்பதை யாரிடமிருந்தும் கற்க வேண்டிய அவசியம் இல்லாத சனம் நாம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது, இன்னைக்குக் கூலி கேட்கலாமா நாளைக்குக் கேட்கலாமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி முன்பணம் கேட்டால் திட்டுவானா கொடுப்பானா? தலைமுறை தலைமுறையாக முகம் பார்த்து வாய் திறந்தவர்கள். அதிகாரம் இல்லாதவர்தான் அதிகாரம் இருப்பவரின் முகத்தைப் படிக்க வேண்டும். ஆண்டை பண்ணையாளின் முகத்தைப் படித்ததில்லை, தேவைப்படவில்லை. மெகா தொடர் இந்த அடிமைத் திறமையை எடுத்து, அதுக்குப் 'பெண்மை' என்று பேர் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆண்மைக்கு என்ன உத்தி? 'எதிர்நீச்சல்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். சன் டி.வி.யில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஓடியது. இயக்கியவர் 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம். ஆதி குணசேகரன் என்கிற அண்ணன், அவருக்குத் தம்பிகள் மூன்று பேர், நாலு பேருக்கும் படித்த மனைவிகள். படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து சமையற்கட்டில் அடைத்துவைப்பதுதான் அந்த வீட்டின் பெருமை. தொடரின் நோக்கம் இந்த ஆணாதிக்கத்தை அம்பலப்படுத்துவது என்று சொன்னார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நாலு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்த காட்சிகளை எங்க தெருப் பெண்கள் ஆசையாகப் பார்த்தார்கள். ஓரகத்திகளை எதிரிகளாக்காத தொடர் என்பதே பெரிய விஷயம். நோக்கம் நல்லதாக இருக்கும்போதுதான் உத்தி என்ன செய்கிறது என்பது இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒரு தொடரில் வீட்டு ஆம்பளை 'நாளையிலிருந்து நீ வேலைக்குப் போகக் கூடாது' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாறு வார்த்தை. சொல்லி முடித்ததும் கேமரா மனைவி முகத்துக்குப் போகும். ஒரு அடி இசை. மாமியார் முகம், ஒரு அடி. கொழுந்தன் முகம். ஓரகத்தி முகம். மாடிப்படியில் நிற்கும் மகள் முகம். திரும்பவும் மனைவி முகம், இந்த முறை இன்னும் நெருக்கமாக, கண்ணில் நீர் கோத்து. கடைசியில் அவர் முகம், சற்றுக் கீழிருந்து பார்த்து. ஐந்து வார்த்தைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவர் சொன்னது ஒரு வாக்கியம் என்பது போய் ஒரு சம்பவம் ஆகிவிடுகிறது, இடி விழுந்த மாதிரி. இப்போது அந்தப் பெண் பதில் பேசட்டும். அவள் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே கேமரா அவளை விட்டுவிட்டு அவர் முகத்துக்குப் போய்விடும். அவள் என்ன சொல்கிறாள் என்பதைவிட, அவர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதுதான் அப்போது நமக்குக் கவலை. அவர் பேசினால் விளைவு தெரிகிறது, அவள் பேசினால் ஆபத்து தெரிகிறது.

லாரா மல்வி 1975இல் ஹாலிவுட் சினிமாவைப் பற்றி எழுதியபோது, அங்கே ஆண் பார்க்கிறவன், பெண் பார்க்கப்படுகிறவள் என்றார். நம் மெகா தொடருக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே ஆண் சொல்கிறவன், பெண் கேட்கிற முகம். உடம்பைக் காட்டுவது குறைவு, முகத்தில் வலியைக் காட்டுவதுதான் அதிகம். அதனால்தான் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்ற நற்சான்றிதழும் கிடைத்துவிடுகிறது.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் பலம் குரல். அந்தத் தென்மாவட்டத்துப் பேச்சும், 'இந்தாம்மா ஏய்' என்கிற அதட்டலும் தமிழ்நாடு முழுக்கப் போனது. 2023 செப்டம்பர் 8 அன்று இந்தத் தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உடம்பு முடியாமல் போய் இறந்தார். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். 'முந்தினவர் மாதிரி வரல' என்று சனங்க சொன்னது நிஜம். ஆனால் கவனித்துப் பாருங்கள், முகச் சுற்று அதேதான், ஹாலின் நடுவிடம் அதேதான், சமையற்கட்டு வாசலில் பெண்கள் நிற்கும் வரிசையும் அதேதான். ஆள் மாறியும் அதிகாரம் நின்றது. ஆண்மை அந்த ஆளிடம் இருந்ததைவிட, அவரைச் சுற்றி அடுக்கிய பயந்த முகங்களில்தான் அதிகம் இருந்தது.

'இந்தாம்மா ஏய்' எங்க தெருவுக்கும் வந்துச்சு. சித்தாள் வேலை முடிந்து களைத்துப்போய் வந்த பெண்டாட்டியைப் பார்த்து, திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு அண்ணன் அப்படிக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பையன்கள் வைத்தார்கள். வில்லனைக் கேலி செய்வது போலத் தொடங்கி, ருசி கண்டு பழகிப் போகிற விஷயம் இது. அந்த அண்ணனுக்கு நிலம் கிடையாது, வீட்டுப் பத்திரம் கிடையாது, ஊர்த்தெருவில் அவரை இன்னும் பேர் சொல்லி 'டா' போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். குணசேகரனின் சொத்து எதுவும் அவர் கைக்கு வராது. அதட்டல் மட்டும் வரும்.

இதே மாரிமுத்து 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோதியின் அப்பாவாக நடித்தார். சாதியின் பேரால் தன் உறவுக்காரர்கள் ஒரு பையனை அடித்துப்போட்ட பிறகு அவன் முன்னால் கலங்கி நிற்கிற அப்பா. சாதி ஆண்மைக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்பதை அந்த முகம் காட்டியது. அதே படத்தில் பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞர். நடுரோட்டில் அவர் வேட்டியை உருவி ஓடவிடுகிற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. இந்த நாட்டில் யாரை ஆண் என்று ஒப்புக்கொள்வது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது என்று அந்தக் காட்சி சொல்லிவிட்டது. கடைசியில் டீக்கடை மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், நடுவில் ஒரு பூ. முகமே இல்லாத ஷாட். மெகா தொடரில் அப்படி ஒரு ஷாட்டை வைக்க முடியாது. அங்கே எல்லாரும் ஒரே டம்ளரில் காபி குடிக்கிற சாதியாக மட்டும்தான் இருக்கிறார்கள். குணசேகரனுக்கு மீசை இருக்கிறது, வம்சப் பெருமை இருக்கிறது, மதுரைப் பேச்சு இருக்கிறது. சாதிப் பேர் மட்டும் இல்லை. பேர் இல்லாததால் அது பொதுவான 'ஆண்' ஆகிவிடுகிறது, அந்த வீட்டுப் பெண் பொதுவான 'பெண்' ஆகிவிடுகிறாள்.

அந்தப் 'பெண்' எப்படி இருக்கிறாள்? தூங்கி எழும்போதும் பொட்டு கலையாமல் இருக்கிறாள். நல்லவள் புடவையில், தலை வாரி, கண்ணில் நீரோடு. கெட்டவளுக்குக் கண் மை தடிக்கும், ரவிக்கையின் கை குறையும், பின்னணியில் ஒரு உறுமல் இசை வரும். கெட்டவள்தான் திட்டம் போடுகிறாள், நடந்து போகிறாள், போன் பேசுகிறாள், காரியம் செய்கிறாள். நல்லவளுக்குக் காரியம் கிடையாது, முகம்தான். எபிசோடு முடியும்போது படம் உறைந்து நிற்பதும் பெரும்பாலும் அவள் முகத்தில்தான். அந்த முகத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க எதுவும் நடக்காது. மறுநாள் அதே கண்ணீர்த் துளியிலிருந்து தொடங்கும்.

பெரிய நாடகம் எப்போதும் வாசப்படியில். அவள் வீட்டை விட்டு வெளியே கால் வைப்பாளா மாட்டாளா என்பது வாரக்கணக்கில் ஓடும். எங்க பெரியம்மா இந்த மாதிரி ஒரு கட்டத்தில், 'இதுக்கு எதுக்குடி இம்மாம் மேளம்? காலைல அஞ்சு மணிக்கு நான் தாண்டுறேன், எவன் அடிச்சான் எனக்கு மேளம்' என்றது. சேரிப் பெண்ணுக்கு வாசப்படி ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. வீட்டுக்குள் இருப்பதுதான் கிடைக்காத சுகம். நாற்றங்கால், செங்கல் சூளை, சித்தாள் வேலை, அடுத்த வீட்டுப் பாத்திரம். அவள் பிரச்சினை வெளியே போனபின் தொடங்குகிறது: கூலி, கங்காணியின் கை, திரும்பி வரும் இருட்டு. அபியின் கட்டுமானக் கம்பெனியில் இத்தனை வருஷத்தில் என் மனசில் நிற்கிற ஒரு சித்தாள்கூட இல்லை. கட்டடம் மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தது.

இதனால்தான் கைகளைப் பற்றிச் சொல்கிறேன். குளோசப் என்பது கழுத்துக்குக் கீழே வெட்டுவது. உழைக்கிற பெண்ணின் கதை கையிலும் காலிலும் முதுகிலும் இருக்கிறது, நாற்று முடிச்சில் வெடித்த விரலில், சுமந்து தேய்ந்த உச்சியில். கழுத்துக்குக் கீழே வெட்டினால் அவள் கதையே வெட்டுப்படுகிறது. பெரிய வீட்டில் வேலைக்காரப் பெண் இருப்பாள், காபித் தட்டோடு வருவாள், போவாள். அந்த முகச் சுற்றில் கேமரா அவளிடம் நிற்காது. யாருக்கு ரியாக்‌ஷன் ஷாட் கிடைக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். டிரைவர், வாட்ச்மேன், தோட்டக்காரர் ஆண்கள்தான், ஆனால் தொடரின் கணக்கில் ஆண்மை அவர்களுக்கு இல்லை. ஒன்று விசுவாசி, இல்லையென்றால் காமெடி.

1994இல் வந்த பாமாவின் 'சங்கதி'யை இந்தத் தொடர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் தெருவில் நின்று கத்துகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், பேய் பிடித்து ஆடுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், திருப்பி ஏசுகிறார்கள். மெகா தொடரின் இலக்கணப்படி அத்தனை பேரும் கெட்டவள் வரிசைதான். சத்தம் போடுவது, கையை நீட்டிப் பேசுவது, தெருவுக்கு வருவது எல்லாம் அங்கே வில்லியின் அடையாளங்கள். பள்ளிக்கூடம் போகிற நம்ம பிள்ளைங்க தங்கள் அம்மாவின் சத்தத்துக்கு வெட்கப்படுவதை நான் பார்க்கிறேன். 'மெதுவாப் பேசும்மா, அசிங்கமா இருக்கு.' அந்த 'அசிங்கம்' எங்கிருந்து வந்தது?

இதை வைத்து நம்ம வீட்டில் எல்லாம் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. பாமா அதை மறைக்கவில்லை, அவர் எழுதிய அடிகள் நம்ம ஆம்பளைகள் கொடுத்த அடிகள். கோபால் குரு 1995இல் தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுவதைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இரண்டு பக்கமும் உண்டு: வெளியே, எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து நாங்களே பேசுகிறோம் என்கிற மேல்சாதிப் பெண்ணியம், உள்ளே, தலித் ஆண்களின் ஆதிக்கம்.

இன்னொரு காட்சி. விஜய் டி.வி.யில் 2019 முதல் ஓடிய 'பாரதி கண்ணம்மா'. கறுப்பு நிறத்தாள் என்று இகழப்படும் கண்ணம்மாவை டாக்டர் பாரதி காதலித்துக் கட்டுகிறான். பிறகு அவள் வயிற்றுப் பிள்ளை தன்னுடையது இல்லை என்று சந்தேகப்படுகிறான். அவள் நிறைமாசத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நடக்கிறாள், நடக்கிறாள், எபிசோடு எபிசோடாக நடக்கிறாள். 2020இல் ஊரே அதைக் கேலிப்படம் போட்டுச் சிரித்தது. மரபணுச் சோதனை செய்தால் ஒரு வாரத்தில் முடிகிற கதையை வருஷக்கணக்கில் இழுத்தார்கள் என்றும் கேலி. இழுவை வியாபாரத்துக்காக என்பது சரி. ஆனால் எதை இழுக்கிறார்கள்? 'விந்து யாருடையது' என்ற கேள்வியை. ரத்தச் சுத்தம் பார்க்கிற சாதிக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. கறுப்பை நிறமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதுக்குப் பின்னால் இருக்கிற சாதியைத் தொடாமல் தாண்டிப் போனதும் இதோடு சேர்ந்ததே. படித்த டாக்டரானாலும் ஆண் என்பவன் சந்தேகப்படும் உரிமை உள்ளவன். பெண் என்பவள் நடந்தே நிரூபிக்க வேண்டியவள்.

கர்ப்பிணியைச் சந்தேகித்துக் காட்டுக்கு அனுப்புகிற கதை பழையது. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஓடிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' பட்டாபிஷேகத்தோடு முடிக்கப் பார்த்தது. உத்தர காண்டத்தையும் காட்டு என்று ஜலந்தர் உள்ளிட்ட வட இந்திய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் 1988இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராக வணங்குகிற தலித் மக்கள் அவர்கள். பிறகு அந்தப் பகுதியும் எடுக்கப்பட்டது. ஒரு டி.வி. தொடருக்காக, அதுவும் ராமாயணத்துக்காக வேலைநிறுத்தமா என்று நம் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. ராஜா துரத்திவிட்ட பெண்ணுக்கு இடம் கொடுத்தவர் எங்க ஆள், அவரைக் காட்டாமல் கதையை முடிக்காதே என்று அவர்கள் கேட்டார்கள். தங்களுக்கு ஒரு ரியாக்‌ஷன் ஷாட் கேட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். தமிழில் இத்தனை கண்ணம்மாக்கள் வீட்டை விட்டு நடக்கிறார்கள். ஒருத்தியாவது சேரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிப்பதாக எடுக்கட்டும் பார்க்கலாம்.

பெரியார் 1928இலேயே, பெண் விடுதலை வேண்டுமானால் 'ஆண்மை' என்கிற பதமே அழிய வேண்டும் என்று எழுதிவிட்டார். நாம் மேடைதோறும் பெரியாரைச் சொல்கிறோம், அடுத்த சுவரொட்டியில் சிங்கம், மீசை, அரிவாள் என்று அச்சடிக்கிறோம். பறிக்கப்பட்ட ஆண்மையை மீட்கிறோம் என்கிறார்கள் நம்ம பையன்கள். பறித்தது மரியாதையை. மீட்பதற்கு எடுத்திருக்கிற மாதிரி குணசேகரனுடையது. கீழிருந்து எடுத்த போட்டோ, சுற்றிலும் அண்ணாந்து பார்க்கிற முகங்கள். நம் இயக்கத் தலைவர்களின் பிளெக்ஸ் பேனரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், அதே கேமராக் கோணம். மேடையில் பெண் தோழர் பேசும்போது போட்டோக்காரர் தலைவரின் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார், அவர் தலையாட்டுகிறாரா என்று.

எங்கள் மகளிர் குழுவில் போன வருஷம் ஒரு வேலை செய்தோம். ஒரு தொடரின் ஒரே எபிசோடைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. அப்புறம் ஒரு அக்கா, 'யாரு பேசுறான்னே தெரியல, யாரு பயப்படுறான்னு மட்டும் தெரியுது' என்றாள். இன்னொரு அத்தை, 'இம்மாம் பெரிய வூட்டுல பாத்திரம் யாரு தேய்க்கிறது, காட்டவே இல்லையே' என்று கேட்டது. அப்புறம் எல்லாருமாகக் கைகளை எண்ணத் தொடங்கினோம். ஏதாவது வேலை செய்கிற கை. காபித் தட்டைப் பிடித்த கை ஒன்று, கார் ஸ்டியரிங்கில் ஒன்று, அறைய ஓங்கிய கை இரண்டு. அவ்வளவுதான் வந்தது. இதே எபிசோடை இளைஞர் மன்றத்துப் பையன்களுக்கும் போட்டுக் காட்டலாம் என்று கேட்டோம். 'கிரிக்கெட் இல்லாத நாளாப் பாத்து வைங்கக்கா' என்றார்கள்.